பத்து நாள் லீவு லெட்டர்

அடி வாங்கிய உடம்போடு, ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவிலிருந்து டெல்லி ஜனக்புரியில் இருக்கும் அப்பா வீட்டுக்கு ஓடி வருகிறவள், மகளின் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதுவாளா? நான் எழுதினேன். சொல்லாமல் லீவு போட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று பயந்தே வளர்ந்த புத்தி. குடும்பத்தில் கல்யாணம், பத்து நாள் விடுப்பு வேண்டும் என்று பணிவாக எழுதி, விமானம் ஏறுமுன் மெயில் அனுப்பினேன். கல்யாணமும் இல்லை, திரும்பிப் போகிற எண்ணமும் இல்லை.

கணவர், மகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி அங்கே ஒரு கோர்ட் உத்தரவு வாங்கிக்கொண்டு டெல்லி கோர்ட்டுக்கு வந்தார். வழக்கு ஒரு வருடம் இழுத்தது. அதற்குள் மகள் கீழ் வீட்டுப் பிள்ளைகளோடு ஹிந்தியில் சண்டை போடுமளவுக்குத் தேறிவிட்டாள்.

யார் அடித்தது, யார் அழுதது என்று ஃபைல் நிறைய வைத்திருந்தேன். ஒருவரும் அதைத் திறக்கவில்லை. அதையெல்லாம் எந்த நாட்டுச் சட்டப்படி, எந்த நாட்டுக் கோர்ட் விசாரிக்க வேண்டும் என்பதுதான் வழக்கே. எதிர்த்தரப்பு வக்கீல் என் லெட்டரை எடுத்து நீட்டினார். குழந்தையின் வீடு அங்கேதான், இங்கே பத்து நாள் விருந்தாளி என்று தாயே எழுதிக் கொடுத்திருக்கிறாரே என்றார். என் வக்கீல் திரும்பி, "யே க்யோன் லிக்கா ஆப்னே?" என்று பல்லைக் கடித்தார். ஏன் எழுதினேன்? எழுதிய கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

நீதிபதி நல்ல மனுஷிதான். என் குறைகளை அங்கேயே போய்ச் சொல்லலாம் என்று தீர்ப்பெழுதி, மகளை அப்பாவோடு அனுப்பச் சொன்னார். எங்கே போய்ச் சொல்வது? என் விசா கணவர் வேலையை ஒட்டியது, எப்போதோ முடிந்துவிட்டது. புதிதாக வாங்க எத்தனை மாதம் ஆகுமோ, யாருக்கும் தெரியவில்லை.

விமான நிலைய வாசலில் மகள் என் துப்பட்டாவை விடவில்லை. அழாமல் போகட்டும் என்று, அடுத்த ப்ளேனில் வந்துவிடுவேன் என்றேன்.

"பக்கா?"

"பக்கா."

டாட்டா காட்டிக்கொண்டே போனாள். நான் வெளியே தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் கணவர் வீடியோவில் கூப்பிட்டார். இறங்கி ஒரு மணி நேரமாகிறது, நகர மாட்டேன் என்கிறாள், நீயே சொல் என்று போனை அவளிடம் கொடுத்தார். ஷூவைக் கழற்றிவிட்டு, விமான நிலைய நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் இங்கயே இருக்கேம்மா. உன் ப்ளேன் எத்தனை மணிக்கு வரும்?"