கறையான் தின்னாத முதலாம் பாகம்

கதிரவெளி வாசிகசாலையில் நான்கு அலுமாரிகள். மூன்றில் பரீட்சை வழிகாட்டிகளும் பழைய சஞ்சிகைகளும். நான்காவதில் மந்திர நாடுகளும் வேற்றுக் கிரகங்களும்: பதினொரு தொடர்கள், மொத்தம் அறுபத்து மூன்று பாகங்கள்.

பொறுப்பாளர் தெய்வமணிக்கு வயது நாற்பத்தேழு. காலையில் வீட்டில் தையல். செவ்வாய், வியாழன், சனி பிற்பகல்களில் இரண்டு மணி முதல் ஐந்தரை வரை வாசிகசாலை. நான்காவது அலுமாரியை முழுதாக வாசித்தவர் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு தொடரின் முதற் பாகத்திலும் பின்னட்டையின் உட்புறம் ஒரு துண்டு ஒட்டியிருப்பார். 'நூறு பக்கம் பொறுக்க வேண்டும். பிறகு கீழே வைக்க மனம் வராது.' 'அடுப்பில் கறி இருக்கும்போது வாசிக்க வேண்டாம். கேதீஸ்வரி வீட்டில் இரண்டு தடவை கருகியது.' 'மூன்றாம் பாகத்தோடு நிறுத்தலாம். அதற்கு மேல் எழுதியவருக்கே வழி தெரியவில்லை.'

சாமித்தம்பி அறுபத்தொரு வயது மீனவர். பத்திரிகை பார்க்க மட்டும் வருபவர். கடந்த மார்கழியில் கடல் பெருத்துத் தோணி இறக்க முடியாத ஒரு நாள், "புள்ள, படுத்துக் கிடந்து வாசிக்க நீளமா ஏதும் தாகா," என்றார்.

தெய்வமணியின் கை தனக்கு மிகப் பிடித்த ஏழு பாகத் தொடருக்குப் போய், அங்கேயே நின்றது. முதலாம் பாகத்தின் முப்பத்தேழாம் பக்கத்தில் கடல் எழுந்து ஒரு நகரத்தை விழுங்கும். சாமித்தம்பியின் மனைவியும் மூத்த மகளும் சுனாமியில் போனவர்கள்.

"முதலாம் பாகத்தக் கறையான் அரிச்சிட்டு அண்ணன். ரெண்டில இருந்து வாசிங்க, விளங்கும்."

"இந்தப் பொடிச்சி ஏன் தண்ணியக் கண்டா நடுங்கிறா?" என்று கதாநாயகியைப் பற்றி மூன்றாம் பாகத்திலும் கேட்டார் சாமித்தம்பி. ஆனாலும் விடவில்லை. ஐந்து வாரத்தில் நான்காம் பாகம் முடிந்தது. சனிக்கிழமைகளில் இருவருக்கும் ஓயாத வாக்குவாதம். வாசித்ததைப் பேச ஓர் ஆள் வேண்டுமென்று தெய்வமணி பன்னிரண்டு வருடம் காத்திருந்தவர்.

தை 24, சனிக்கிழமை. ஓட்டமாவடியிலிருந்து வந்து படிப்பிக்கும் றிஸானா டீச்சர் உள்ளே வந்து மேசையில் புத்தகமொன்றை வைத்தார்.

"அக்கா, முதலாம் பாகம் முடிஞ்சி. ரெண்டத் தாங்க."

சாமித்தம்பி எழுந்து வந்து புத்தகத்தைப் புரட்டினார். "நல்ல கறையான். ஒரு எழுத்தையும் தின்னல்ல."

பதிவேட்டில் கையெழுத்துக்கூட வைக்காமல் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய் வரவில்லை. வியாழன் வரவில்லை. சனியும் இல்லை. அன்று மாலை தெய்வமணி ஐந்தாம் பாகத்தைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுப் படலைவரை போனார். கூப்பிடத் துணிவின்றித் திரும்பினார். ஓர் ஆளை நோகடித்ததோடு, கிடைத்த ஒரே துணையையும் இழந்ததாக நினைத்தார்.

மாசி 7, பிற்பகல் மூன்று பத்துக்குச் சாமித்தம்பி வந்தார்.

"முப்பத்தேழாம் பக்கத்தில நாலு நாள் நிண்டன்."

"நான் மறைச்சது பிழை அண்ணன்."

"பிழைதான். நீயும் அண்டைக்கு ஓடின ஆள்தானே. நீ வாசிக்கலாம், நான் வாசிக்கப்படாதா?"

சாமித்தம்பி புத்தகத்தை மேசையில் விரித்தார்.

"அலை நீலமாம். வெள்ளி மாதிரி மினுங்கினதாம்." சாமித்தம்பி மூக்கால் சிரித்தார். "எழுதினவர் கண்டதில்ல. நமக்கு வந்தது கறுப்புத்தானே?"

"கறுப்பு அண்ணன். சேறு மாதிரி."

இருபத்தொரு வருடத்தில் அந்தக் காலையைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டது அதுவே முதல் தடவை.

"ஆனா அந்தப் பொடிச்சி மரத்தப் புடிச்ச புடி சரி. அத ஆரோ கண்ட ஆள்தான் சொல்லிக் குடுத்திரிக்கு." புத்தகத்தைத் தெய்வமணி பக்கம் தள்ளினார். "ஒரு துண்டு எடு. நான் சொல்றன், நீ எழுது. உன்ட துண்டுக்குக் கீழ என்டதையும் ஒட்டு."

தெய்வமணி எழுதினார்: 'முதலாம் பாகத்திலிருந்தே வாசிக்கவும். 37ஆம் பக்கத்தில் கடல் வரும். நிறம் பிழை. மற்றதெல்லாம் சரி. சாமித்தம்பி.'

பசை காயும்வரை சாமித்தம்பி பக்கத்திலேயே நின்றார்.

"மறுகா, அஞ்சாம் பாகத்தையும் கறையான் அரிச்சிட்டா?"

தெய்வமணி அலுமாரிக்குப் போகவில்லை. ஒரு வாரமாகச் சுமந்து திரிந்த பைக்குள் கையை விட்டார்.