மணி வைக்காத துவக்கு

கண்டிக்குப் போகிறோம் என்றால் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரஹரா ஊர்வலம், யானை, வாவிக்கரையில் அவித்த சோளம். எனக்கு மட்டும் மறியல், அதாவது ஜெயில். அம்மாவின் தம்பி, என் மாமா, அங்கே இருந்தார். மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலை மெஷின்களைப் பழுது பார்த்தவர். மறியலுக்குள் போய்ப் புதுமாதிரி வேட்டைத் துவக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார். சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களிடம் நானும் மல்லுக்கு நிற்பதில்லை.

அவரை உள்ளே தள்ளியதும் ஒரு துவக்குதான். லயத்துக்குப் பின்னால் நாங்கள் போட்ட கிழங்குப் பாத்தியைக் காட்டுப்பன்றி உழுது தள்ளிக்கொண்டே இருந்தது. மாமா குழாயும் ஸ்பிரிங்கும் வைத்து ஒரு கட்டுத்துவக்கு செய்து பன்றி வரும் தடத்தில் கட்டினார். குறுக்கே ஒரு கயிறு, பன்றி முட்டினால் வெடிக்கும். அன்றைக்குப் பன்றி வரவில்லை. கீழ்க்கணக்கு என்று நாங்கள் சொல்லும் தோட்டத்தின் கீழ்ப் பிரிவிலிருந்து ஒருவர் விறகுக்கு வந்தார். மாமாவோடு அதே தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர் மெஷினில் நின்றவர். கயிறு காலில் பட்டது. ஆள் பிழைக்கவில்லை. மாமா தானாகவே நடந்து பொலிசுக்குப் போனார்.

மறியலில் அவரைத் தச்சுப் பட்டறையில் போட்டார்கள். கதிரை, அலுமாரி செய்கிற இடம். அங்கே மிஞ்சிய பலகைத் துண்டுகளில், குழாயும் இல்லாமல் வெடிமருந்தும் இல்லாமல், துவக்கின் விசையை மட்டும் மாதிரியாகச் செய்திருக்கிறார். நாங்கள் பார்க்கப் போன அன்று, வலைக்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடி விரல்களாலேயே எனக்கு விளக்கினார். கயிற்றை முதலில் இழுத்தால் வெடிக்காது. வளைத்துக் கட்டிய கம்பு ஒன்று நிமிர்ந்து, அதன் நுனியில் கட்டிய வெள்ளைத் துணி வந்து முகத்தில் அடிக்கும். மனுஷன் பயந்து நின்றுவிடுவான். பன்றி நிற்காது, இன்னும் முட்டும். அந்த இரண்டாவது இழுப்புக்குத்தான் வெடி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பன்றி எது ஆள் எது என்று தெரிந்த துவக்கு வேறு யாருடைய மாமாவிடம் இருக்கிறது!

அந்த மாதிரியை ஜெயிலர் மாத்தயாவும் பார்த்திருக்கிறார். நல்ல மனுஷர். மேலிடத்துக்கு அனுப்புகிறேன், தண்டனையைக் குறைக்கச் சொல்லியும் எழுதுகிறேன் என்றாராம். ஒரே ஒரு திருத்தம்தான் கேட்டார். துணியை எடுத்துவிட்டு மணி வை, துணி மழையில் நனைந்து தொங்கிப் போகும், மணி என்றால் ஆளுக்குக் கேட்கும் என்றார். சரியான பேச்சுத்தான். மாமா முடியாது என்றுவிட்டார்.

அம்மாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. தம்பி வெளியே வர வேண்டும் என்று மாரியம்மனுக்கு வைக்காத நேர்த்திக்கடன் இல்லை. இவனோ ஒரு மணிக்காக முறுக்கிக்கொண்டு நிற்கிறான்.

"ஏன்டா, ஒரு மணியக் கட்டிக் குடுத்தா உனக்கு என்ன கொறஞ்சு போகுது?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "அந்த மணிய நான் யாருக்குக் கட்டுறது அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

உள்ளே போய்ப் புத்தியும் கெட்டுவிட்டது என்று அம்மா வழி நெடுக அழுதார். கட்டுகஸ்தோட்டையில் பஸ் நிறைந்து வழிந்தது. நிற்கிறவர்களின் பிள்ளையை, உட்கார்ந்திருக்கிறவர்கள் மடியில் வாங்கிக்கொள்வது எங்கள் பக்கத்து பஸ் வழக்கம். யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் பார்ப்பதில்லை. ஒரு கை என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டது. அம்மா திரும்பிப் பார்த்து அப்படியே விறைத்துப் போனார். செத்துப்போனவரின் மனைவி அவர். எனக்கு அப்போது அவரைத் தெரியாது. அம்மாவால் என்னைப் பிடுங்கிக்கொள்ளவும் முடியவில்லை, முகம் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவும் முடியவில்லை. அந்த அக்காவும் அம்மாவைக் கண்டதும் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் என்னை இறக்கிவிடவில்லை.

சும்மா இருக்கிற வாயா என்னுடையது? மாமாவின் துவக்குக் கதையை அவிழ்த்து விட்டேன். முதல் இழுப்பு, வெள்ளைத் துணி, இரண்டாம் இழுப்பு, எல்லாம். அம்மா என் தோளைக் கிள்ளியதைக்கூட நான் சட்டை செய்யவில்லை. ஜெயிலர் மணி கேட்டதையும் மாமா மறுத்ததையும் புகாராகவே சொன்னேன்.

என்னைப் பிடித்திருந்த கை இறுகியது.

"மணி வேணாம்னா சொன்னாரு?"

ஆமாம் என்றேன். யாருக்குக் கட்டுறது என்று கேட்டார் என்றேன். அவர் யன்னலை விட்டு என் பக்கம் குனிந்தார்.

"அவருக்குக் காது கேக்காது பாப்பா," என்றார். "ரோலர் சத்தத்துல நின்னு நின்னு போச்சு. ஒங்க மாமாவுக்குத் தெரியும்."

எவருக்கு என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும், முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். இறங்கும் இடம் வந்ததும் அந்த அக்கா என்னைத் தூக்கி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, என்னிடம்தான் சொன்னார்.

"மாமாகிட்ட சொல்லு. துணி போதும்னு நான் சொன்னேன்னு சொல்லு."

ஜெயிலர் மாற்றலாகிப் போனார். மேலிடத்துக்கு எதுவும் போகவில்லை. மாமா மிச்சத் தண்டனையையும் உள்ளேயே கழித்தார். அவர் வெளியே வருவதைப் பார்க்க அம்மா இருக்கவில்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அடுத்த தடவை மறியலுக்குப் போனபோது நான் மறக்காமல் சொன்னேன். பஸ்ஸில் மடியில் வைத்திருந்த அக்கா, துணி போதும் என்று சொல்லச் சொன்னார் என்றேன். அந்த அக்கா யார் என்று அம்மா மெதுவாகச் சொன்னார். மாமா வலைக்கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். பிறகு, பார்வை நேரம் மிச்சம் இருக்கும்போதே திரும்பி உள்ளே போய்விட்டார். நான் ஏமாந்து போனேன். கேட்டால் சந்தோஷப்படுவார் என்றல்லவா நினைத்திருந்தேன். அந்தத் துவக்கில் இன்னும் ஏதோ பிழை இருக்குது போல என்று அம்மாவிடம் சொன்னேன்.