கேமராவுக்கு வைத்த பொட்டு

கண்ணையன் ஒரு கையால்தான் லாரி ஓட்டுவார். வலது முழங்கை ஜன்னல் விளிம்பில் கிடக்கும். அந்தக் கையின் உள்ளங்கை ஸ்டியரிங்கின் மேல் பட்டும் படாமலும் இருக்கும். இடது கைக்குக் கியரை விட்டால் மீசைதான் வேலை. அப்பா புதுச்சேரிப் பஞ்சாலையில் தறி ஓட்டியவர். ஆலை ஆட்டம் காணத் தொடங்கியதும் மகன் லாரிக்கு வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. உழவர்கரையில் நாராயணசாமி முதலாளியின் லாரி ஷெட்டில் கண்ணையன் சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. கேமரா வரும்வரை அப்படித்தான் இருந்தது.

அது 2009. ஷெட் டிரைவர்கள் சென்னைத் துறைமுகத்துக்குக் கண்ணாடிப் பாட்டில் ஏற்றிப் போவார்கள். பாட்டில் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், டிரைவர் எப்படி ஓட்டுகிறான் என்று பார்க்க வேண்டும் என்றார்களாம். எல்லா வண்டியிலும் கண்ணாடிக்கு மேலே தீப்பெட்டி அளவில் ஒரு கேமரா வந்து ஒட்டிக்கொண்டது. திங்கட்கிழமை தோறும் முதலாளி டிரைவர்களைத் தன் அறையில் நிற்கவைத்து, கம்ப்யூட்டரில் படத்தை ஓட்டிக் காட்டுவார்.

முதல் வாரமே கண்ணையன் மாட்டினார். பிள்ளைச்சாவடி தாண்டுகையில் சாலையோர அம்மன் கோயிலைப் பார்த்து, இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கும்பிடுகிறார். வண்டி தன் பாட்டுக்குப் போகிறது.

"சாமிய கும்பிட வேணாங்கல, நிறுத்திட்டு கும்பிடுய்யா," என்றார் முதலாளி. "மத்த நேரத்துல அந்த ஒரு கை மீசையிலயே இருக்குதே, விட்டா ஓடிப்போயிடுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து கொளஞ்சியின் படம் வந்தது. ஷெட்டுக்கு வந்து நான்கு வருஷம்கூட ஆகாதவன். தளும்பத் தளும்பப் பால் குண்டானைத் தூக்கிப் போகிறவனைப் போல ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"பாருங்கய்யா, இதுதான் ஓட்டுறது," என்றார் முதலாளி. "ஆயுத பூசை முடிஞ்சதும் புது வண்டி வருது, பவர் ஸ்டியரிங். அது வர்ற வரைக்கும் யாரு படம் சுத்தமா இருக்குதோ, அவனுக்குத்தான் சாவி. படமே இல்லன்னா கணக்குல சேராது."

பவர் ஸ்டியரிங்! பழைய வண்டியின் ஸ்டியரிங்கை முறித்து முறித்துக் கண்ணையனின் வலது தோள்பட்டை தேய்ந்துபோயிருந்தது. சட்டை மாட்டவே கை மேலே எழ மறுத்தது. அந்த வண்டி தனக்கு வர வேண்டியது என்று அவர் மனசு அடித்துச் சொன்னது.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் கொளஞ்சி. மனைவி அஞ்சலாட்சி சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"கொளஞ்சி ரெண்டு கையாலயும் புடிச்சி பூ மாதிரி ஓட்றாராமே? அவரு பொண்டாட்டி கொழாயாண்ட சொல்லுது."

"அவன் பயந்தாங்கொள்ளி. அதான் புடிச்சிக்கினு கெடக்கறான்."

சொல்லிவிட்டாரே தவிர, சோறு இறங்கவில்லை. அந்த இரண்டு கைகள் தூக்கத்திலும் வந்தன.

ஆயுத பூசை வந்தது. வண்டிகளைக் கழுவி நிறுத்தி, மாவிலை கட்டினார்கள். ஷெட்டில் மூத்தவர் என்ற முறையில் எல்லா வண்டிக்கும் பொட்டு வைப்பது கண்ணையன்தான். சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு கேபினாக ஏறி, ஸ்டியரிங்குக்கு, கியருக்கு, புதிதாக வந்த கேமராவின் நெற்றிக்கும் ஒரு பொட்டு வைத்தார்.

கொளஞ்சி தன் வண்டியில் பாட்டு ஓடவிட்டு, பூசணிக்காய் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். அந்த வண்டியில் மட்டும் கண்ணையன் நெற்றியைத் தேடவில்லை. கேமராவின் கண்ணிலேயே கெட்டியாகச் சந்தனத்தை அப்பி, அதன் நடுவில் குங்குமத்தை அழுத்தினார். பூசைப் பொட்டை எந்த டிரைவரும் துடைக்கமாட்டான். அது தானாகக் காய்ந்து உதிர வேண்டும், துடைத்தால் வண்டிக்கு ஆகாது. அதை நம்பித்தான் வைத்தார்.

அவர் நினைத்தபடியே கொளஞ்சி அதைத் துடைக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான்.

திங்கட்கிழமை கொளஞ்சியின் படம் வெறும் மஞ்சளாக இருந்தது. கண்ணையன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"இதுக்கு முன்னாடி என்னா இருக்குதுன்னு பாப்போம்," என்று முதலாளி படத்தைப் பின்னால் ஓட்டினார்.

பாட்டுக்காகச் சாவி போட்டிருந்தால் கேமராவும் விழித்திருக்கும் என்பது கண்ணையனுக்குத் தெரியாது. படத்தில் அவர் கேபினுக்குள் ஏறினார். இரண்டு பக்கமும் பார்த்தார். கொளஞ்சியின் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும், அச்சு அசலாகக் கொளஞ்சியைப் போலவே பிடித்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு நிமிர்ந்தார். வாய் கோணி, கண் சுருங்கி, அந்த முகம் திரை முழுக்க வந்தது. கடைசியாக விரல் வந்து மூடியது.

யாரும் சிரிக்கவில்லை. கண்ணையனுக்கு முதலில் அது யார் முகம் என்றே பிடிபடவில்லை.

கொளஞ்சிதான் வாயைத் திறந்தான். "நான்தான் மொதலாளி அண்ணன வெக்கச் சொன்னேன். கண்ணு படக்கூடாதுன்னு."

பொய் என்று எல்லாருக்கும் தெரியும். முதலாளி கண்ணையனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தார்.

புது வண்டி வந்தது. சாவி கொளஞ்சிக்குத்தான். கண்ணையன் தன் வண்டிக்குப் பின்னால் போய், நன்றாக இருந்த டயரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொளஞ்சி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டான்.

"அண்ணே, பொட்டு வெக்க வாங்க. வேற யாரு வெப்பாங்க?"

கண்ணையன் போய்ப் புது வண்டியில் ஏறினார். சீட்டின் பாலித்தீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. ஒரு விரலால் தொட்டதற்கே ஸ்டியரிங் லேசாக அசைந்து கொடுத்தது. எதிரே கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணையன் சந்தனம் தொட்ட விரலோடு அப்படியே நின்றுவிட்டார். தன் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கொளஞ்சி மறுபக்கக் கதவு வழியாக எட்டி, கேமராவைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

"இப்ப வைங்கண்ணே. யாரும் பாக்கமாட்டாங்க."

கண்ணையன் பொட்டு வைத்தார். கேமராவை மூடியிருந்த அந்தக் கையைப் பார்த்தும் அவருக்குப் பொறாமையாக இருந்தது.