பௌர்ணமிக்கு எண்ணிய பூச்சிகள்

செய்த வேலையில் தவறு இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதைப் பற்றி எழுதி ஒரு பரிசுப் போட்டிக்கு அனுப்பலாமா? சந்தனமாரி அனுப்பிய அன்று யாராவது என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

சந்தனமாரிக்கு அச்சன்புதூர். அப்பாவுக்கு நெல் வயல், அண்ணன் சந்தோஷ்குமார் போலீஸ். அந்த வீட்டிலிருந்து முதன்முதலாக ஆராய்ச்சிக்குப் போனது அவள்தான். எதைப் பற்றி ஆராய்ச்சி என்று கேட்டால் தண்ணிப் பூச்சி என்பாள். கேட்டவர்கள் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

குற்றாலத்தில் ஓடுகிற தண்ணீரில் கல்லைப் புரட்டினால் அடியில் அரிசி அளவுக்குச் சின்னப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தமான தண்ணீரில் நிறைய இருக்கும், அழுக்கு சேர்ந்தால் குறையும். அருவிக்கு வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள். அந்த எண்ணெயும் சோப்பும் பூச்சிகளை என்ன செய்கின்றன என்பதுதான் அவள் தெரிந்துகொள்ள நினைத்தது. அதற்காக இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டாள். ஒன்று, குளித்த தண்ணீர் கடைத்தெருவைத் தாண்டி ஓடும் இடம். இன்னொன்று, அதோடு ஒப்பிட்டுப் பார்க்க, மலைக்கு மேலே காட்டுக்குள், ஓர் அம்மன் கோயிலை ஒட்டிய ஓடை. அங்கே சாதாரணமாக வனத்துறை யாரையும் விடாது. மாதம் ஒரு முறை, கேட் திறக்கிற நாளில், வெள்ளைத் தட்டும் பெயின்ட் பிரஷும் இடுக்கியுமாக அவள் ஏறிப் போவாள்.

இரண்டு வருடம் எண்ணினாள். மேலேயும் கீழேயும் பூச்சிகள் ஏறக்குறைய ஒரே அளவுதான். எண்ணெய்க் குளியலால் பெரிய கெடுதல் இல்லை என்று முடிவுக்கு வந்தாள். யாரும் எதிர்பார்க்காத முடிவு.

அந்தச் சமயத்தில் ஓர் அறிவியல் இதழ் போட்டி அறிவித்தது. ஆராய்ச்சிக்கு வந்து ஐந்து வருடம் தாண்டாதவர்கள், தங்கள் வேலையை அறிவியல் படிக்காதவருக்கும் புரியும்படி தமிழில் எழுத வேண்டும். முதல் பரிசு வாங்குகிறவருக்குப் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் ஒரு வருட வேலை. சந்தனமாரிக்கு அது ஐந்தாவது வருடம். மார்ச்சோடு உதவித்தொகை நின்றுவிடும், அதன் பிறகு மாப்பிள்ளை பார்ப்பது என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். பரிசு கிடைத்தால் இன்னும் ஒரு வருடம் பூச்சிகளோடு இருக்கலாம். அவளுக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை.

கடைசி நாளுக்கு மூன்று நாள் இருந்தபோது, லீவில் வந்த அண்ணனுக்குக் கட்டுரையை வாசித்துக் காட்டினாள். அவனுக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும் என்று நினைத்தாள். அவன் இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டான். 'மனித நடமாட்டமே இல்லாத ஓடை' என்று வந்ததும் கையை நிறுத்தினான்.

"ஏட்டி, அங்கன நீ என்னைக்குப் போவ?"

"பௌர்ணமிக்குத்தான். அன்னைக்குத்தான கேட்டைத் திறக்காங்க."

"அன்னைக்கு மேல ரெண்டாயிரம் பேரு வருதான். கயிறு கட்டி வரிசையில விட்டது நான். அத்தனை பேரும் அந்த ஓடையிலதான் முங்குதான். நடமாட்டமே இல்லன்னு எழுதிருக்க. அப்ப நான் என்ன, கொரங்குக்கா பந்தோபஸ்து பாத்தேன்?"

"அவங்க குளிக்க வரலண்ணே. சாமி கும்பிட வாராங்க."

"குளிக்காமலா கும்பிடுதான்? நீ குளிப்பியா, மாட்டியா?"

"குளிக்காம எப்படிக் கோயிலுக்குள்ள போக?"

சொல்லி முடித்ததும் அவள் நோட்டை எடுத்துப் புரட்டினாள்.

ஒவ்வொரு மாதமும் அவள் முதலில் ஓடையில் முங்குவாள், அம்மனைக் கும்பிடுவாள், அதற்குப் பிறகுதான் தட்டை எடுப்பாள். கும்பிடாமல் வேலை தொடங்கிப் பழக்கமில்லை. தலைக்கு எண்ணெய் வைக்காமல் வீட்டை விட்டு இறங்கியும் பழக்கமில்லை. கீழே அருவியில் நின்றவர்களை ஒருவர் விடாமல் நோட்டில் எழுதியவள், மேலே வந்த ஒருவரைக்கூட எழுதவில்லை. கோயிலுக்குப் போகுமுன் குளிப்பதை அவள் குளியலாகவே நினைத்ததில்லை. இரண்டு இடத்திலும் பூச்சிகள் ஒரே அளவு இருந்ததற்கு, இரண்டு தண்ணீரும் கெட்டிருந்ததுகூடக் காரணமாக இருக்கலாம்.

அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியர் ஜெஸியிடம் போனில் விஷயத்தைச் சொன்னாள். "நீ என்னைக்குப் போனன்னு கட்டுரையில யாரும் கேக்கலையே. இத இப்படியே அனுப்பிரு. ஆய்வேட்டுல அப்புறம் திருத்திக்கலாம்" என்றார். மாணவிக்கு ஓர் இடம் கிடைக்கட்டும் என்றுதான் சொன்னார். அண்ணனும் சங்கடப்பட்டு, தான் கேலிக்குத்தான் கேட்டதாகச் சொல்லிப் பார்த்தான்.

இரண்டு நாள் அவள் கட்டுரையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில் முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தாள். 'ஆள் படாத தண்ணீர் என்று நான் நம்பிய தண்ணீரில், எனக்கு முன்னால் ஆயிரக்கணக்கானவர்கள் குளித்திருந்தார்கள். நானும் குளித்தேன்' என்று அது தொடங்கியது. எப்படித் தவறினாள் என்பதைப் படிப்படியாகச் சொன்னாள். முடிவு என்று அதில் ஒன்றும் இல்லை. எண்ணெயால் கெடுதல் உண்டா இல்லையா என்பது இன்னும் தனக்குத் தெரியாது என்று நிறுத்திவிட்டு, சாயந்திரம் நாலு மணிக்கு அனுப்பினாள்.

பரிசு கிடைக்கவில்லை. பாராட்டுப் பெற்ற பத்துப் பேர் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. மார்ச்சில் உதவித்தொகை நின்றது. பேசி வைத்தபடி வீட்டில் ஜாதகம் எடுத்தார்கள். அவள் சுரண்டையில் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஆனால் பௌர்ணமி அல்லாத நாளில் ஓடைக்குப் போக அனுமதி கேட்டு வனத்துறைக்கு மனு போட்டாள். மூன்றாவது மனுவுக்கு அனுமதி கிடைத்தது. இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வனக்காவலர் அகமது கபீரோடு மேலே போகிறாள். எண்ணெய் வைப்பதில்லை, குளிப்பதில்லை. வேலை முடிந்த பிறகு கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு இறங்குகிறாள். முதல் நாள் கிடைத்த பூச்சிகளுக்குக் கொண்டுபோன ஒரு தட்டு போதவில்லை, கபீரின் சாப்பாட்டு டப்பா மூடியையும் வாங்கிக்கொண்டாள். ஆனாலும் அதை மட்டும் வைத்து எதுவும் சொல்லக் கூடாது என்கிறாள். இன்னும் பதினான்கு மாதம் எண்ண வேண்டுமாம்.

ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைகள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள். பரிசு கிடைக்கவில்லை என்பதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.