பட்டாணி உரிக்க வரும் மேடம்

மராத்திக்காரர்கள் ஊரான சாங்வியில் வெளிநாட்டு மாணவர்கள் தங்கும் விடுதியில் சமைக்கிறேன். அங்கே மனநல ஆலோசகராக இருக்கும் மராத்திக்கார மேடம் சில நாள் மத்தியானம் நேராக அடுப்படிக்கு வந்து, "அண்ணா, மட்டர் இருக்கா?" என்பார். பட்டாணிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உரிப்பார். உயிரை விட நினைத்த ஒரு பிள்ளையிடம் பேசிவிட்டு வந்திருக்கிறார் என்று எனக்குப் புரியவே பல மாதம் ஆயிற்று.

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூர், சூரத், போசரி பட்டறை என்று சுற்றி இங்கே வந்து சேர்ந்தேன். போன குளிர்காலத்தில் மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த கஜன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சில நாளாக அவன் சாப்பிட வரவில்லை. ஆங்கிலத்தில் எது கேட்டும் வாய் திறக்கவில்லை. தமிழில் கேட்டால் பேசுவான் என்று மேடம் நம்பினார். "சாகணும்னு நினைக்கிறியா? இதை மட்டும் கேளுங்க, அண்ணா" என்றார் இந்தியில். எங்கள் வீட்டில் விளையாட்டுக்கு அந்தச் சொல்லைச் சொன்னாலும் அம்மா வாயிலேயே போடுவாள். "தம்பி, மனசு சரியில்லையா? வீட்டு ஞாபகமா? எல்லாம் சரியாப் போயிரும்பா" என்றேன்.

கஜன் திரும்பினான். "அண்ணை, அவ கேட்டது அதில்லை. எனக்கும் கொஞ்சம் இந்தி விளங்கும்."

வெட்கத்தில் காது சுட்டது. சமையல்காரன் சூடு தாங்குவான் என்பார்கள். இது வேறு சூடு. கேள்வியை மாற்றிவிட்டேன் என்று மேடத்திடம் ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. "கேக்கறதால யாரும் சாக மாட்டாங்க. சுத்தி வளைக்காம நேராக் கேளுங்க."

தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "சாகணும்னு நெனைக்கிறியாப்பா?"

"ஓம்" என்று தலையை ஆட்டினான். பிறகு அழுதான், நிறையப் பேசினான். நான் இந்தியில் சொல்லச் சொல்ல, மேடம் அவன் பக்கத்திலேயே இருந்தார். அவனைத் தனியாக விடவில்லை. அவன் அக்காவுக்குப் போன் போட்டு, அன்றே அவனை மருத்துவரிடம் அழைத்துப் போனார். இப்போது தவறாமல் சாப்பிட வந்து, "சாம்பாரில உறைப்பே இல்லை, அண்ணை" என்று குறை சொல்கிறான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் கூச்சம்தான்.

கஜனை மருத்துவரிடம் அழைத்துப் போன மறுநாள் மேடம் பட்டாணிக்கு வந்தார். கேட்டுவிட்டேன். "எப்படித் தாங்குறீங்க, மேடம்?"

"எங்கே தாங்கறேன்? இதை உரிக்கறேன். வீட்ல மகள்கிட்டக் கத்தறேன். நானும் ஒரு ஆலோசகர்கிட்டப் போய் அழறேன். நீங்க யார்கிட்டப் பேசுவீங்க, அண்ணா?"

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மாவின் அழைப்பு. "நல்லா இருக்கியாடா?"

"நல்லாத்தாம்மா இருக்கேன்."

மேடத்துக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் குரலில் இருந்த பொய் தெரிந்திருக்க வேண்டும். நான் போனை வைத்ததும், மடியிலிருந்த கூடையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார்.