எஸ்தருக்கு நான் எழுதிய நான்கு பக்கம்

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு இன்டர்வியூ நடந்தது. கேள்வி கேட்டவர், வேலை தேடி வந்தவர். பதில் தெரியாமல் விழித்தவன் நான்.

நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறானே என்று புதிதாகப் படிப்பவர்கள் நினைக்கலாம். வாராவாரம் படிப்பவர்களுக்குப் பழக்கம்தான். நான் டைரி எழுதுகிறவன். பால்காரர் வராத நாள், பெருமாள் புறப்பாட்டில் கோயில் யானை எங்கள் தெருவில் நின்ற நாள், ஃபேன் ரிப்பேரான நாள் — எல்லாம் அதில் உண்டு. யாருக்கு உபயோகம் என்று கேட்காதீர்கள். என் மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களோடு இருக்கும் என் அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. பங்குனியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆயிற்று. புத்தி, நாக்கு இரண்டும் பழைய கூர்மையோடு இருக்கின்றன... கால்தான் ஊன்ற முடியவில்லை. எழுப்ப, உட்கார வைக்க, பாத்ரூம் கூட்டிப்போக, கூப்பிட்டால் ஓடிவர, வீட்டோடு தங்கும் ஆள் ஒருவர் வேண்டும். எனக்கு எழுபது. மனைவி வைதேகிக்கு அறுபத்தாறு. அக்காவைத் தூக்கப்போய் அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்ட கதையை ஏற்கெனவே எழுதி உங்கள் அனுதாபத்தை வாங்கிவிட்டேன்.

ஐந்து மாதத்தில் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் போய்விட்டார்கள். யாரும் சண்டை போடவில்லை. முதலாமவர், ஊரில் திருவிழா என்றார். இரண்டாமவர், பையனுக்கு ஜுரம் என்றார். மூன்றாமவர் அதுகூடச் சொல்லவில்லை. பையோடு வந்து நின்று "வரேன் சார்" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கு அமெரிக்காவிலிருந்து அக்கா பிள்ளை கண்ணன் போன் செய்தான்.

"மாமா, சொன்னா தப்பா எடுத்துக்காதீங்கோ. தாம்பரம் பக்கம் ஒரு ஹோம். நர்ஸ், டாக்டர் எல்லாம் அங்கேயே. பேசி இடம் சொல்லி வெச்சிருக்கேன். இன்னும் ஒரே ஒருத்தரை ட்ரை பண்ணிப் பாருங்கோ. அவாளும் போயிட்டா அம்மாவை அங்க சேர்த்துடலாம். மாமி பாவம்."

நியாயம்தான். அவன் கெட்டவன் இல்லை. நான்தான் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்திருந்தேன். உள்ளே படுத்திருந்த அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"பேஷா சேருங்கோ. தாம்பரத்துல பெருமாள் புறப்பாடு எத்தனை மணிக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ," என்றாள்.

அப்புறம் மறுநாள் முழுக்கப் பேசவில்லை. அக்கா பேசாமல் இருந்த நாட்கள் என் டைரியில் மிகவும் குறைவு.

கண்ணன் இன்னொன்றும் சொல்லியிருந்தான். "ஜாப் டிஸ்கிரிப்ஷன் எழுதிக் குடுங்கோ மாமா. என்ன வேலை, எத்தனை மணிக்கு, எது அவா பொறுப்பு, எது இல்லை... தெளிவா இருந்தா யாரும் பாதியில போகமாட்டா."

தெளிவாக எழுதுவதா? என்னிடமா சொல்கிறான்! முப்பத்து நான்கு வருஷம் அரசாங்கக் கோப்பு எழுதியவன் நான். இரண்டு நாள் உட்கார்ந்தேன். நான்கு பக்கம். இருபத்தாறு அம்சங்கள். காலை ஐந்தரைக்கு அக்காவை ஒருக்களித்துப் படுக்கவைப்பது. ஆறு மணிக்கு மாத்திரை. ஏழு மணிக்குக் கஞ்சி — அது எவ்வளவு சூடாக இருக்கலாம் என்பது உட்பட. துணி மாற்றுவது, பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சி, சாயங்காலம் வீல்சேரில் வாசல் வரை. ஞாயிறு அரை நாள் லீவு. ஒன்றையும் விடவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

வைதேகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"ஏன்னா, இது வீட்டு வேலைக்கு வரவாளுக்கா, கலெக்டருக்கா?"

"தெளிவா இருக்கா இல்லையா, அதைச் சொல்லு."

"இருக்கு. தளிகை உள்ளுக்கு வரவேண்டாம்னு போடலையே?"

எங்கள் வீடுகளில் சமையலறையைத் தளிகை உள் என்போம். பெருமாளுக்குப் படைக்கும் சாதம் ஆகிற இடம். வேலைக்கு வருபவர்கள் அதற்குள் வருவதில்லை. யாரும் போர்டு மாட்டியதில்லை. வைதேகி நிலைப்படியில் நிற்கும் விதத்தைப் பார்த்து முதல் நாளே புரிந்துகொண்டு அவர்கள் வெளியிலேயே நின்றுவிடுவார்கள்.

பேனாவை எடுத்தேன். இருபத்தேழு என்று எண் போட்டேன். அதற்கு மேல் எழுத வரவில்லை. வாய்விட்டுச் சொல்லாமல் பார்வையாலேயே இத்தனை வருஷம் நடத்திவந்த ஒன்று, என் கையெழுத்தில் எப்படி இருக்கும்? "அதெல்லாம் அவாளுக்கே தெரியும்," என்று எண்ணை அடித்துவிட்டேன்.

அந்தக் காகிதத்தைத்தான் செவ்வாய்க்கிழமை எஸ்தரிடம் நீட்டினேன்.

எஸ்தருக்கு ஐம்பது வயது இருக்கும். உத்திரமேரூர் பக்கம். ஒரு நர்சிங் ஹோமில் சில வருஷம் வேலை பார்த்தவர். நாற்காலியில் உட்கார்ந்து நான்கு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார். அவசரமே படவில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். பெரியம்மாவுக்கு ஏழு மணிக்குக் கஞ்சி. பத்து மணிக்கு மோர். பன்னெண்டுக்குக் கொழஞ்ச சோறு. எல்லாம் இருக்குது. நான் எப்போ சாப்பிடறது?"

"நாங்க சாப்பிடறப்போதான். இதையெல்லாமா எழுதணும்?"

"எழுதினா நல்லதுதானே. அமாவாசைக்கு?"

"அமாவாசைக்கு என்ன?"

"செல்வி எங்க தெரு பொண்ணு சார்."

செல்வி, வந்து போன மூவரில் முதலாமவர்.

"அமாவாசை அன்னிக்கு விடியக்காலம் எழுந்து, பெரியம்மாவுக்கு எல்லாம் செஞ்சி, கஞ்சி ஊட்டிட்டு, ஒரு மணி வரைக்கும் வெறும் தண்ணியக் குடிச்சிக்கினு குந்தியிருந்தாளாம். அவளுக்கு சுகர் வேற இருக்குது. கண்ண இருட்டிக்கினு வந்துச்சாம். கேக்க வெக்கம். உள்ள போயி ஒரு காப்பி போட்டுக்கவும் முடியாது. 'நல்லவங்கதான்க்கா, ஒரு சொல் திட்டல. ஆனா நான் பசியா இருக்கறது அவங்க கண்ணுக்கே தெரியல'ன்னா."

அமாவாசையன்று காலையில் எங்கள் வீட்டில் டிபன் கிடையாது. இறந்துபோன பெரியவர்களுக்கு நான் தர்ப்பணம் செய்ய வேண்டும். அதற்கப்புறம் சமையல். பெருமாளுக்குக் காட்டிவிட்டு நாங்கள் சாப்பிட ஒரு மணி ஆகும். எனக்கும் வைதேகிக்கும் உடம்பில் ஊறிய பழக்கம். நோயாளிக்கு விலக்கு உண்டு. அக்காவுக்குக் கஞ்சி தனியாக வந்துவிடும். கஞ்சியை ஊட்டுகிறவருக்கு? நாங்கள் விரதம் இருந்தோம். செல்வி பட்டினி கிடந்தார். இரண்டும் ஒன்றா?

எழுந்து போய் டைரியை எடுத்தேன்.

செல்வி போனது வைகாசி அமாவாசைக்கு மறுநாள். அடுத்தவர் ஆனி அமாவாசைக்கு மறுநாள். மூன்றாமவர் ஆடி அமாவாசையன்று சாயங்காலமே. மூன்றும் என் கையெழுத்து. அமாவாசை சிவப்பு மையில், ஆள் போனது நீல மையில், அடுத்தடுத்த வரியில். எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். ஒருநாளும் படிக்கவில்லை.

இத்தனைக்கும் திருமுக்கூடல் கல்வெட்டைப் பார்க்க இரண்டு முறை போய்வந்தவன் நான். சோழர் காலத்து ஆஸ்பத்திரி ஒன்றைப் பற்றிய கல்வெட்டு. வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், மருந்து கொடுக்கும் பெண்கள், தண்ணீர் கொண்டுவருபவர் என்று யாருக்கு என்ன வேலை என்பதை வெட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் உட்காரவைத்து அதைப் பற்றிப் பேசி அறுத்திருக்கிறேன். அதே கல்லில் அவரவருக்கு எவ்வளவு நெல் என்பதும் இருக்கிறது. அந்த வரியை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவேன். சுவாரஸ்யம் இல்லாத வரி என்று நினைப்பு.

"திரும்ப எழுதறேன் எஸ்தர்," என்றேன்.

"மாமியக் கேட்டுக்கினு எழுதுங்க சார். சமையல் அவங்களுதுதானே."

வைதேகி நிலைப்படியிலேயே நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது. "செல்வி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"யாராண்ட மாமி சொல்லுவா? நீங்க மடியா இருந்தீங்களாம். கிட்ட வராதேன்னு கையக் காட்டுனீங்களாம்."

மடி என்றால், குளித்துத் தனியே உலர்த்திய புடவை கட்டி, சமையல் முடியும்வரை யார் மேலும் படாமல் இருப்பது.

எஸ்தரே தொடர்ந்தார். "உங்க அடுப்பு எனக்கு வேணாம் மாமி. பெரியம்மா ரூம்ல ஒரு கரன்ட் அடுப்பு, ரெண்டு பாத்திரம், ரவை, வெங்காயம், காப்பித்தூள். அது போதும், நானே பொங்கிக்கிறேன். ஆனா எப்போ பசிக்குதோ அப்போ சாப்பிடுவேன். அத எழுதுங்க. இந்த அமாவாசை தாண்டட்டும். இருக்கறதா வேணாமான்னு அப்பால சொல்றேன்."

இது சரியான தீர்வா? இல்லை. எனக்கே தெரியும். சமையலறைக் கதவைத் திறக்க மனசில்லாமல் பக்கத்து அறையில் ஒரு பிளக் பாயின்ட் போட்டோம். ஆனால் எழுபது வயதில், முதுகு பிடித்த மனைவியையும் தாம்பரத்தையும் நினைத்துக்கொண்டு நிற்கிறவன்... தலையாட்டினேன்.

புதுக் காகிதம் ஒரே பக்கம்தான் வந்தது. முதல் வரி, எஸ்தர் சாப்பிடும் நேரம் எஸ்தர் விருப்பம். அடித்துவிட்டதையும் இந்த முறை எழுதினேன்: 'சமையலறைக்குள் வரவேண்டாம் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.' எழுதிவிட்டுப் பார்த்தேன். நினைத்ததைவிட அசிங்கமாக இருந்தது. வைதேகியும் படித்தாள். காகிதத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டோடு ஆள் தேடும் வாசகர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்லலாம். பெருக்குவது, துடைப்பது, மாத்திரை கொடுப்பதெல்லாம் நீங்கள் எழுதாவிட்டாலும் வருபவருக்குத் தெரியும். எந்த வரியை எழுத உங்கள் கை கூசுகிறதோ, அதைத்தான் அவர் வேலைக்கு வருவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதினால் இன்னொரு லாபம்... நீங்களும் அதை ஒருமுறை படிப்பீர்கள்.

போன வாரம் ஆவணி அமாவாசை வந்தது.

காலை எட்டு மணி. எள், தண்ணீர், தர்ப்பைப் புல்லோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். தாத்தாவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வந்தது — வெங்காயம் வதங்கும் வாசனை. எங்கள் வீட்டில்! அமாவாசையில்! கண்ணை மூடிக்கொண்டேன். மூக்கை என்ன செய்வது?

அக்காவின் குரல் கேட்டது.

"எஸ்தர், என்னடிம்மா அது?"

"உப்புமா பெரியம்மா."

"வெங்காயம் போட்டியா?"

"போட்டேன். தப்பா?"

"இன்னிக்கு அமாவாசைடி." கட்டில் கிரீச்சென்றது. "ஒரு கரண்டி குடு."

"ஐயோ, வேணாம் பெரியம்மா. மாமி என்னைத்தான் சொல்லுவாங்க. நான் எங்க ஊருக்கு, நீங்க தாம்பரத்துக்கு... ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போவலாம்."

"அஞ்சு மாசமாக் கஞ்சி. இதுக்குத் தாம்பரமே தேவலை. குடுங்கறேன்!"

இந்த வீட்டில் மடி, ஆசாரம் என்று எங்கள் எல்லோரையும் ஆட்டிவைத்தவளே அக்காதான். கல்யாணமாகி வந்த புதிதில் அவளிடம் வாங்கிய திட்டுகளை வைதேகி இன்றைக்கும் ஒன்றுவிடாமல் சொல்வாள்.

வைதேகி மடிப்புடவையோடு அந்த அறை வாசலுக்குப் போவது தெரிந்தது. நான் எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு மந்திரத்தை நிறுத்திவிட்டேன். ஒரு வார்த்தை தடித்து விழுந்தால் போதும். எஸ்தர் போய்விடுவார். பின்னாலேயே அக்காவும்.

வைதேகி உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"அக்கா கேக்கறச்சே குடு. சூடு ஆறட்டும்," என்றாள். "எனக்கும் ஒரு வாய் காப்பி கலந்து குடு எஸ்தர். நிக்க முடியலை."

சீர்திருத்தம் என்று யாரும் கைதட்ட வேண்டாம். அது அசதி. முதுகு வலி. நாங்கள் மாறினோமா, களைத்துவிட்டோமா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. தளிகை உள் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. வைதேகியும் அநேகமாக அதே நிலைப்படியில்தான் நிற்கிறாள். அன்றைக்கு அவள் காப்பியைக் குடித்தாள், அக்கா உப்புமாவை வழித்துச் சாப்பிட்டாள், நான் மந்திரத்தை விட்ட இடம் தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை எஸ்தர் தன் மகளிடம் போனில் பேசுவது கூடத்துக்குக் கேட்டது.

"ஆமாண்டி, இருக்கறதுதான். மிச்சத் துணியெல்லாம் எடுத்தாந்துடு. ஸ்வெட்டரும் எடுத்தா. மார்கழியில இங்க குளிருமாம், பெரியம்மா சொல்றாங்க."

மார்கழிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

கண்ணனைக் கூப்பிட்டு, தாம்பரத்தில் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டேன். என் சர்வீசில் எத்தனையோ ஒப்புதல் கடிதங்களைப் பார்த்திருக்கிறேன்... அந்த ஸ்வெட்டரைப் போலத் தெளிவாக ஒன்றும் இருந்ததில்லை!