தொடையில் மூன்று கோடு

சமயநல்லூர்ப் பக்கம் ஒரு அக்கா வளர்த்த கறவை மாடு, கன்று போட்டதிலிருந்து பின்னங்காலைத் தொடவிடவில்லை. பெரிய கன்று, வெளியே வரும்போது தாயின் இடுப்பு நரம்பை நசுக்கியிருந்தது. ஈ உட்கார்ந்தாலே மாடு துள்ளியது. கறக்கப் போனால் உதைத்தது. விற்றுத் தள்ளிவிடச் சொல்லி வீட்டில் ஒரே நச்சரிப்பு, வாரக் கடைசியில் அடிமாட்டு வியாபாரி வருவதாகப் பேச்சு. அதைச் சொல்லும்போதே அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

மாட்டு டாக்டராக ஊர் ஊராகச் சுற்றி, விளக்கம் சொல்லும் தெம்பெல்லாம் எனக்கு எப்போதோ போய்விட்டது. இருந்தாலும் சொன்னேன். காலில் காயமே இல்லை. அடிபட்ட நரம்பு தண்டுவடத்தில் அழற்சியைக் கிளப்பிவிட்டிருக்கிறது. அது அடங்குகிறவரை சும்மா தொட்டாலும் வலிதான். வால் முளைக்கும் இடத்தில், தண்டுவடத்தை ஒட்டி, அழற்சியைக் குறைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு நாலைந்து நாள் பொறுக்கச் சொன்னேன்.

"கால்ல வலின்னா முதுகுல குத்துறீகளே சார்?" என்றார் அக்கா. பிறகு தலையை ஆட்டினாரே தவிர நம்பவில்லை.

மூன்றாம் நாள் போனால், மாட்டின் தொடையில் மூன்று கோடு. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு இழுத்திருந்தார்கள். மயிர் பொசுங்கிய வாடைகூடப் போகவில்லை. கண்டபடி கத்திவிட்டேன்.

"நீங்க காலைக் கவனிக்கவே இல்லையே சார். நாளைக்கு வியாபாரி வாரான். நான் என்னதான் செய்ய?"

அதற்கு மேல் கோபம் நிற்கவில்லை, அசதிதான் வந்தது. புண்ணுக்கு மருந்து தடவினால் மாடு துள்ளுகிறது. அது தீக்காயத்தின் வலியா, பழைய வலியா? எப்படித் தெரியும்? சூடு படாத கணுக்காலைத் துண்டின் நுனியால் மெல்ல வருடினேன். மாடு பேசாமல் அசைபோட்டபடி நின்றது. ஊசி கேட்டிருக்கிறது. இன்னொன்றும் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் அக்கா கறக்கப் போய் மாட்டின் மடியில் கை வைத்தபோது அது உதைக்கவில்லையாம். வியாபாரி வெறும் வண்டியோடு திரும்பினார். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரம் அதே தெருவில் இன்னொரு மாடு நொண்டுகிறது என்று கூப்பிட்டார்கள். போனேன். தொடையில் மூன்று கோடு. பக்கத்தில் அக்கா பூரிப்போடு நின்றிருந்தார்.

"நான்தான் சார் போடச் சொன்னேன். நம்ம மாட்டுக்கு அம்புட்டு சொகமாயிருச்சுல்ல. அந்த ஊசியையும் ஒண்ணு போட்டு விட்ருங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

நான் பையைத் திறந்தேன்.